காலேஜை விடுகிறவர்கள் சத்தமில்லாமல் நிற்காதீர்கள்: கட்டணம், சான்றிதழ், கல்விக் கடன் பற்றி முழு வழிகாட்டி

படிப்பை விடுகிறவர்களில் பாதிப் பேர் ஒரு திங்கட்கிழமை காலையில்தான் விடுகிறார்கள். ஞாயிறு இரவு வரை போவதாகத்தான் பேச்சு. காலையில் காலேஜ் பஸ் முக்கில் நின்று ஹாரன் அடிக்கும். பிள்ளை எழுந்திருக்காது. அம்மா இரண்டு நாள் காய்ச்சல் என்று சொல்லிச் சமாளிப்பார். மூன்றாவது வாரம் எல்லோருக்கும் விஷயம் புரிந்திருக்கும், ஆனால் யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள்.

நானும் அப்படி நின்றவன்தான். மெக்கானிக்கல், மூன்றாவது செமஸ்டர். யாரிடமும் எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. அந்தக் காலேஜின் பதிவேட்டில் என் பெயர் அதற்குப் பிறகும் இரண்டு செமஸ்டர் உயிரோடு இருந்தது. சான்றிதழ் கேட்டுப் போனபோது அந்த இரண்டு செமஸ்டருக்கும் சேர்த்து பீஸ் கேட்டார்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் கைக்கு வர எட்டு மாதம் ஆனது. இப்போது கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் ஓர் இ-சேவை மையத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஆவணி, புரட்டாசி மாதங்களில் வாரத்துக்கு ஒரு வீட்டார் இதே கதையோடு வந்து நிற்கிறார்கள். அவர்களிடம் வாயால் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நம் ஊரில் "படிப்பை நிறுத்திட்டான்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோம். ஆனால் நின்றுபோவது வேறு, எழுதிக் கொடுத்து விலகுவது வேறு. கட்டணம், சான்றிதழ், கடன் மூன்றுமே உங்கள் கடிதத்தில் இருக்கும் தேதியை வைத்துத்தான் ஓடும். கடிதமே இல்லையென்றால் காலேஜ் சொல்வதுதான் தேதி.

விடுவதற்கு முன் ஒரு கேள்வி

விட வேண்டுமா, கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தால் போதுமா? உடம்பு சரியில்லை, வீட்டில் ஒரு சாவு, அப்பாவுக்கு அறுவைச் சிகிச்சை என்பது போன்ற காரணம் என்றால் 'பிரேக் ஆஃப் ஸ்டடி' கேட்கலாம். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் இதற்கு வழி உண்டு. துறைத் தலைவர், முதல்வர் வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். மருத்துவச் சான்று இருந்தால் நல்லது. நான்கு வருட பி.இ. படிப்பை முடிக்க ஏழு வருடம் வரை காலம் இருக்கிறது. திரும்பி வரும்போது பாடத்திட்டம் மாறியிருந்தால் புதிய விதிமுறையில் படிக்க நேரலாம். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள கலைக் கல்லூரிகளிலும் விட்ட இடத்திலிருந்து மீண்டும் சேர அனுமதி வாங்கும் நடைமுறை உண்டு. கல்லூரி அலுவலகத்தில் 'ரீ-அட்மிஷன்' என்று கேளுங்கள்.

அரியர் குவிந்துவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக விடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நடக்கும் செமஸ்டரின் தேர்வை எழுதிவிட்டு விலகுங்கள். பாஸான பாடங்கள் பின்னால் எங்கே சேர்ந்தாலும் காகிதத்தில் நிற்கும். வருகை 75 சதவீதத்துக்குக் கீழே போனால் தேர்வே எழுத முடியாது, அந்தச் செமஸ்டர் முழுக்க வீண். மருத்துவக் காரணம் காட்டினால் 65 வரை விலக்குத் தருவார்கள், அதற்குக் கீழே கிடையாது. அதனால்தான் சொல்கிறேன்: முடிவு எடுக்கும் வரைக்குமாவது வகுப்புக்குப் போங்கள்.

எந்தத் தேதியில் விலகினால் எவ்வளவு பைசா

முதலாம் ஆண்டில் சேர்ந்து சில வாரங்களில் விடுகிறவர்களுக்குத்தான் பணம் திரும்பும் வாய்ப்பு அதிகம். யு.ஜி.சி. எனப்படும் பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் கொடுத்த கணக்கு இப்படி இருக்கிறது. கல்லூரி அறிவித்த சேர்க்கைக் கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கும் மேலோ முன்பே எழுதிக் கொடுத்தால் முழுக் கட்டணம். அதில் 5 சதவீதம் வரை, அதிகபட்சம் 5,000 ரூபாய் பிடித்துக்கொள்ளலாம். அந்தக் கடைசி 15 நாளுக்குள் கொடுத்தால் 90 சதவீதம். கடைசித் தேதி கடந்து 15 நாளுக்குள் என்றால் 80. பதினாறாவது நாளிலிருந்து முப்பதாவது நாளுக்குள் என்றால் 50. முப்பது நாள் தாண்டினால் ஒன்றுமில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கட்டியது 60,000 ரூபாய், சேர்க்கைக் கடைசித் தேதி செப்டம்பர் 15 என்று வைத்துக்கொள்வோம். செப்டம்பர் 28 அன்று கடிதம் கொடுத்தவருக்கு 48,000 திரும்ப வேண்டும். அக்டோபர் 10 அன்று கொடுத்தவருக்கு 30,000. அப்பாவிடம் சொல்லப் பயந்து அக்டோபர் 20 வரை இழுத்தவருக்கு, சேரும்போது கட்டிய முன்பணத்தை (காஷன் டெபாசிட்) தவிர எதுவும் இல்லை. அந்தப் பயத்தின் விலை 48,000 ரூபாய்.

சில வருடங்களில் யு.ஜி.சி. இதைவிடத் தாராளமாகத் தனி அறிவிப்பு விடுகிறது. 2024-25 கல்வியாண்டில் செப்டம்பர் 30 வரை விலகியவர்களுக்கு முழுப் பணம், அக்டோபர் 31 வரை விலகியவர்களுக்கு அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்தம் என்று சொன்னார்கள். ஆகவே நீங்கள் சேர்ந்த வருடத்தின் அறிவிப்பை யு.ஜி.சி. தளத்தில் தேடி, ஒரு பிரிண்ட் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு காலேஜுக்குப் போங்கள். வாயால் சொல்வதற்கும் காகிதத்தைக் காட்டுவதற்கும் அலுவலகத்தில் கிடைக்கும் மரியாதையே வேறு.

இன்ஜினியரிங், மேலாண்மை போன்ற படிப்புகள் ஏ.ஐ.சி.டி.இ. எனப்படும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் விதியின் கீழ் வரும். வகுப்பு தொடங்கும் முன் விலகினால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது. தொடங்கிய பிறகு விலகி, அந்த இடம் வேறொருவரால் நிரம்பினால், இருந்த மாதங்களுக்கான கட்டணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும். நிரம்பாவிட்டால் முன்பணமும் சான்றிதழும் மட்டும். அந்த விதியில் இன்னொரு வரி இருக்கிறது, அதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: எப்போது விலகினாலும் சரி, வரப்போகும் வருடங்களுக்கான கட்டணத்தைக் கல்லூரி கேட்கக் கூடாது. "நாலு வருச பீஸையும் கட்டிட்டு டி.சி. வாங்கிக்கோ" என்று யாராவது சொன்னால் அதற்கு விதியில் இடம் இல்லை.

இரண்டாம், மூன்றாம் ஆண்டில் விடுகிறவர்கள் கட்டியது திரும்பும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அவர்கள் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: அடுத்த செமஸ்டர் தொடங்கும் முன் கடிதம் போயிருக்க வேண்டும். ஜூனில் எடுத்த முடிவை ஆகஸ்டில் எழுதிக் கொடுத்தால் அந்தச் செமஸ்டர் கட்டணம் உங்கள் தலையில் விழும்.

கடிதம்

ஒரு பக்கம் போதும். மாணவரின் பெயர், பதிவு எண், துறை, ஆண்டு. எந்தத் தேதியிலிருந்து விலகுகிறீர்கள். என்னென்ன திரும்பத் தர வேண்டும். இப்படி எழுதலாம்:

"தங்கள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயிலும் நான், குடும்பச் சூழல் காரணமாக இன்று முதல் படிப்பிலிருந்து விலகுகிறேன். விதிப்படி எனக்குத் திரும்ப வேண்டிய கட்டணத்தையும் முன்பணத்தையும் எனது கல்விக் கடன் கணக்கில் வரவு வைக்கவும், நான் ஒப்படைத்த அசல் சான்றிதழ்களையும் மாற்றுச் சான்றிதழையும் வழங்கவும் வேண்டுகிறேன். என்னிடமிருந்து வர வேண்டிய பாக்கி ஏதும் இருப்பின் அதன் விவரத்தை எழுத்து மூலம் தெரிவிக்கக் கோருகிறேன்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். பாக்கி என்று ஒரு தொகையை வாயால் சொல்வது எளிது. பிரித்து எழுதித் தரச் சொன்னால் பாதித் தொகை தானாகக் குறைந்துவிடும். காரணத்தை நீட்டி எழுத வேண்டாம். அந்த ஆசிரியர் திட்டினார், இந்த லேப் சரியில்லை என்று எழுதினால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். உடம்பு காரணம் என்றால் மட்டும் மருத்துவச் சான்றோடு தெளிவாக எழுதுங்கள். கடன் விஷயத்தில் அது பெரிதாக உதவும், கீழே வருகிறது.

மாணவரும் பெற்றோரில் ஒருவரும் கையெழுத்துப் போட்டு, இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றை அலுவலகத்தில் கொடுத்து மற்றதில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். "முதல்வர் இல்லை, நாளைக்கு வா" என்றால் சண்டை போட வேண்டாம். அன்றைக்கே தபால் நிலையத்துக்குப் போய் ஒப்புகை அட்டையோடு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பிவிட்டு, அதே கடிதத்தைக் கல்லூரியின் மின்னஞ்சலுக்கும் போட்டுவிடுங்கள். உங்கள் தேதி பதிவாகிவிட்டது. இனி முதல்வர் எப்போது வந்தாலும் பரவாயில்லை.

நோ டியூஸ் சுற்று

அப்புறம் உங்களிடம் பாக்கி எதுவும் இல்லை என்று காட்ட ஒரு படிவம் கொடுப்பார்கள். நூலகம், லேப், துறை, ஹாஸ்டல், மெஸ், பஸ், உடற்கல்வி, தேர்வுப் பிரிவு, கணக்குப் பிரிவு என்று ஒவ்வொரு மேசையிலும் கையெழுத்து. தொலைந்த நூலகப் புத்தகம் ஒன்றுக்காக இரண்டு வாரம் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வீட்டைத் தேடிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஹாஸ்டல் அறையை என்றைக்குக் காலி செய்தீர்கள் என்று வார்டனிடம் எழுதி வாங்குங்கள், இல்லாவிட்டால் மெஸ் பில் ஓடிக்கொண்டே இருக்கும். முன்பணம், காஷன் டெபாசிட் என்ற பெயரில் கட்டியது எந்த வருடத்தில் விலகினாலும் உங்களுடையது. பழைய ரசீதில் அந்த வரியைத் தேடி, தொகையைக் கடிதத்திலேயே குறிப்பிடுங்கள்.

அசல் சான்றிதழ்கள்

நம் மாவட்டத்தில் இதை முதலில் கேட்பதற்கு ஒரு காரணம் உண்டு. படிப்பை விடும் பையன்களில் பலர் அடுத்து யோசிப்பது வளைகுடாவை. பாஸ்போர்ட்டில் 'இ.சி.ஆர்.' முத்திரை (வேலைக்கு வெளிநாடு போகக் குடியேற்ற அனுமதி வாங்க வேண்டும் என்ற குறிப்பு) விழாமல் இருக்கப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியைக் காட்ட வேண்டும். அந்த மார்க் ஷீட்டோ காலேஜ் அலமாரியில் இருக்கும்.

யு.ஜி.சி. விதி இதில் தெளிவாக இருக்கிறது. சேர்க்கையின்போது அசலைச் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும், கல்லூரி வைத்துக்கொள்ளவே கூடாது. ஏ.ஐ.சி.டி.இ.யும் சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாது என்கிறது. ஏ.ஐ.சி.டி.இ. விதிப்படி விலகுகிறவருக்குக் கட்டணமும் சான்றிதழும் 7 நாளுக்குள் திரும்ப வேண்டும்; யு.ஜி.சி. கணக்கில் கட்டணம் திரும்ப 15 நாள். கல்விச் சான்றிதழ் விற்பனைச் சரக்கு அல்ல, பாக்கிக்குப் பிணையாக அதைப் பிடித்து வைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் பல வழக்குகளில் சொல்லியிருக்கிறது.

இதற்காக நியாயமான பாக்கி மறைந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். நீங்கள் உட்கார்ந்து படித்த செமஸ்டருக்கான கட்டணத்தைக் கல்லூரி கேட்கலாம், வழக்கும் போடலாம். சான்றிதழை அதற்கு அடகுப் பொருளாக வைக்கக் கூடாது, அவ்வளவுதான். என் அனுபவத்தில், "படித்த செமஸ்டர் பாக்கியை மூன்று தவணையில் கட்டுகிறேன், சான்றிதழைத் தாருங்கள்" என்று எழுதிக் கொடுத்தவர்களுக்கு வேலை சீக்கிரம் முடிந்தது.

வாங்கும்போது எண்ணி வாங்குங்கள்: பத்து, பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட்டுகள், பள்ளி டி.சி., முதல் பட்டதாரிச் சான்று, சாதிச் சான்று. கூடவே கல்லூரியின் டி.சி., நன்னடத்தைச் சான்று, முடித்த செமஸ்டர்களின் மதிப்பெண் பட்டியல். வேறு பல்கலைக்கழகத்துக்குப் போவதாக இருந்தால் இடம்பெயர்வுச் சான்றும் வேண்டும். எல்லோரும் 'மைக்ரேஷன்' என்பார்கள். டி.சி.யில் விலகிய தேதி உங்கள் கடிதத்தோடு ஒத்துப்போகிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் இன்னொரு நாள் பஸ் ஏற வேண்டும்.

வங்கிக்கு நீங்களே முதலில் போங்கள்

நிறைய வீடுகளில் சறுக்குவது இங்கேதான். "கோர்ஸ் முடிஞ்சு ஒரு வருசம் கழிச்சுதானே கட்டணும்" என்று நிம்மதியாக இருப்பார்கள். அந்த அவகாசம் படிக்கிறவருக்குத் தந்தது. படிப்பை விட்டதும் தவணை எப்போது தொடங்கும் என்பதை, கடன் தந்தபோது வங்கி கொடுத்த அனுமதிக் கடிதமும் மேலாளரும்தான் சொல்ல வேண்டும். வங்கி காலேஜுக்குக் கடிதம் போட்டு அங்கிருந்து தெரிந்துகொள்ளும் முன் நீங்கள் போய்ச் சொன்னால், பேச இடம் இருக்கும்.

கடனில் பெற்றோர் கூட்டுக் கடனாளிகளாகக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். ஆகவே அப்பாவோ அம்மாவோ கூட வர வேண்டும். அனுமதிக் கடிதம், கணக்கு விவரம், காலேஜில் முத்திரை வாங்கிய கடிதத்தின் நகல் மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். மாதக் கடைசி வேண்டாம், மேலாளருக்குத் தலைக்கு மேல் வேலை இருக்கும். வங்கிக்கும் ஒரு கடிதம் எழுதி, நகலில் முத்திரை வாங்குங்கள். அதில் அடுத்த தவணைத் தொகையைக் கல்லூரிக்கு அனுப்ப வேண்டாம் என்பது முதல் வரியாக இருக்கட்டும். கடன் பணம் செமஸ்டருக்கோ வருடத்துக்கோ ஒருமுறை நேரே கல்லூரிக்குப் போகும். நீங்கள் நின்ற பிறகும் ஒரு தவணை போய்விட்டால், அதைத் திரும்ப வாங்குவது பெரிய பாடு. இன்று வரை அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, தவணை எந்த மாதத்திலிருந்து என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

கல்லூரி திருப்பித் தரும் பணம் கடன் கணக்குக்குத்தான் போக வேண்டும். அதைக் கையில் வாங்கிச் செலவழித்துவிட்டு, "வந்ததும் கட்டலாம்னு இருந்தேன்" என்று நிற்காதீர்கள்.

வட்டி மானியம் அடுத்தது. பெற்றோரின் ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு, படிக்கும் காலத்துக்கும் அதன் பின் ஒரு வருடத்துக்கும் வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் 2009 முதல் இருக்கிறது. இடையில் படிப்பை விட்டவர்களுக்கு அந்த மானியம் இல்லை. விதிவிலக்கு ஒன்றுதான்: உடல்நலக் காரணத்தால் விலகி, கல்லூரித் தலைவர் திருப்தியடையும்படி ஆவணம் கொடுத்திருந்தால் கிடைக்கும். மருத்துவச் சான்றைக் கடிதத்தோடு வையுங்கள் என்று மேலே சொன்னது இதற்காகத்தான். மானியமாக ஏற்கெனவே வரவு வைத்த தொகை என்னாகும் என்பதையும் மேலாளரிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

தவணைக் கணக்கு எப்படி இருக்கும்? 4 லட்சம் அனுமதியாகி, மூன்று செமஸ்டரில் 1.5 லட்சம் எடுத்திருக்கிறீர்கள், வட்டி 10.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். எடுத்த 1.5 லட்சத்துக்குத்தான் கணக்கு, 4 லட்சத்துக்கு அல்ல. இதைத் தெரியாமல் வெப்ராளப்பட்டு அழுத அம்மா ஒருவரை எனக்கு ஓர்மை இருக்கிறது. வட்டி மட்டும் மாதம் 1,312 ரூபாய். ஐந்து வருடத்தில் அடைத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 3,225. ஏழு வருடம் என்றால் 2,530. பத்து வருடம் என்றால் 2,025. வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் 15 வருடம் வரை அவகாசம் இருக்கிறது, ஆனால் நீட்ட நீட்ட வட்டி கூடும். தவணை தொடங்கும் வரை சும்மா இருக்காமல் மாதம் அந்த 1,312 ரூபாயைக் கட்டி வந்தால் வட்டி அசலோடு சேராது.

கையில் மொத்தப் பணம் இருந்தால் மாறும் வட்டிக் கடனை அபராதம் இல்லாமல் முன்கூட்டியே அடைக்கலாம். நகையை அடகு வைத்து அடைக்கலாமா என்று மார்த்தாண்டம் பக்கத்து வீட்டார் நிறையக் கேட்கிறார்கள். வங்கியில் நகைக் கடன் வட்டி கல்விக் கடனைவிடக் குறைவாக இருந்து, ஒரு வருடத்துக்குள் நகையைத் திருப்ப வழியும் இருந்தால் யோசிக்கலாம். தனியார் ஃபைனான்ஸில் வைத்து அடைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பதினைந்து வருடம் பொறுக்கும் கடனுக்குப் பதிலாகச் சீக்கிரம் ஏலத்துக்குப் போகும் கடனை வாங்குகிறீர்கள்.

வேலை இல்லை, கட்ட வழியில்லை என்றால் அதையும் எழுதிக் கேளுங்கள். வேலையின்றி இருக்கும் காலத்துக்குத் தவணையைத் தள்ளிவைக்க, மேலே சொன்ன மாதிரிக் கல்விக் கடன் திட்டம் வங்கிக்கு இடம் தருகிறது. வேறு படிப்பில் சேரப்போகிறீர்கள் என்றால், சேரும் முன்பே சொல்லுங்கள். பழைய கடனைத் தொடரவோ மாற்றியமைக்கவோ வங்கி பரிசீலிக்கலாம். சேர்ந்த பிறகு சொன்னால் புதிய கடன் கேட்பவர் போல வரிசையின் கடைசியில் நிற்பீர்கள்.

கட்டாமல் விட்டால்

தவணை 90 நாள் தாண்டினால் அது வாராக்கடன். யார் கடனை ஒழுங்காகக் கட்டினார்கள் என்று பதிந்து வைக்கும் சிபிலில் மாணவரின் பெயர் மட்டுமல்ல, கூடக் கையெழுத்துப் போட்ட அப்பாவின் பெயரும் கெடும். பிறகு வள்ளத்துக்கு எஞ்சின் வாங்கவோ வீடு கட்டவோ வங்கிக்குப் போகும்போதுதான் இது தெரியும். வசூலுக்கு வருகிறவர்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது, மிரட்டக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. அழைப்பு வந்த நேரத்தைக் குறித்து வையுங்கள்.

நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் மக்கள் நீதிமன்றம் நடக்கும்போது வங்கிகள் வட்டியைக் குறைத்துச் சமரசம் பேசும். குறைந்த தொகைக்கு முடித்தால் சிபிலில் 'செட்டில்டு' என்று விழும், முழுதாக அடைத்தது போல் 'குளோஸ்டு' என்று வராது. அது தெரிந்து கையெழுத்துப் போடுங்கள். தேர்தல் வரும்போதெல்லாம் கல்விக் கடன் தள்ளுபடி என்று பேச்சு வரும். அதை நம்பிக் கட்டாமல் இருந்தவர்களின் வட்டி வளர்ந்ததைத்தான் நான் பார்த்தேன்.

உதவித்தொகை

புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வாங்குகிறவர்கள், ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர் நல உதவித்தொகை வாங்குகிறவர்கள், 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்கள் எல்லோரும் கல்லூரியின் உதவித்தொகைப் பிரிவில் விலகியதைப் பதியச் சொல்லுங்கள். விலகிய பிறகும் கணக்கில் பணம் வந்தால் எடுத்துச் செலவழிக்க வேண்டாம். முதல் பட்டதாரிச் சலுகை வீட்டில் ஒருவருக்குத்தான். தம்பி தங்கை படிக்க இருக்கிறார்கள் என்றால், அந்தச் சலுகையை எத்தனை வருடம் எடுத்தீர்கள் என்று கல்லூரியில் எழுதி வாங்கி வையுங்கள். தாலுகா அலுவலகத்தில் அது கேட்கப்படும் நாள் வரலாம்.

கல்லூரி மசியவில்லை என்றால்

கடிதம் கொடுத்து 15 நாள் பாருங்கள். பதில் இல்லையென்றால் கல்லூரியின் மாணவர் குறைதீர் குழுவுக்கு எழுதுங்கள். 2023-இல் வந்த யு.ஜி.சி. விதிப்படி அந்தக் குழு 15 வேலை நாளில் முடிவு சொல்ல வேண்டும். திருப்தியில்லை என்றால் பல்கலைக்கழகத்தின் குறைகேள் அதிகாரியிடம் 15 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். கூடவே கலைக் கல்லூரி என்றால் அபிஷேகப்பட்டியில் இருக்கும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகப் பதிவாளருக்கும் யு.ஜி.சி.யின் இ-சமாதான் தளத்திலும், இன்ஜினியரிங் என்றால் ஏ.ஐ.சி.டி.இ. தளத்திலும் புகார் பதியுங்கள்.

உள்ளூரில் சட்டென்று அசைவது திங்கட்கிழமை மனு. நாகர்கோவில் கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்து எண் வாங்குங்கள். போக முடியாதவர்கள் முதலமைச்சரின் உதவி மையத்தை 1100-இல் அழைக்கலாம். வங்கி மீதான புகார் என்றால் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரையும் பாருங்கள். வங்கிக்கு எழுதி 30 நாளில் தீரவில்லை என்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் இணையத்தில் புகார் செய்யலாம், செலவில்லை, விவரத்துக்கு 14448.

அரசு, அரசு உதவி பெறும் கல்லூரி என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, "என் சான்றிதழ்கள் எந்த விதியின் கீழ் வைக்கப்பட்டுள்ளன" என்று கேட்கலாம். அந்த ஒரு கேள்விக்கே சில இடங்களில் சான்றிதழ் வந்துவிடுகிறது. கடைசி வழி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. வக்கீல் செலவுக்கு வழியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக் குழுவை அணுகலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். நுகர்வோர் நீதிமன்றம் போகச் சொல்கிறவர்கள் உண்டு. கல்விச் சேவை நுகர்வோர் சட்டத்தில் வருமா என்பதிலேயே தீர்ப்புகள் இரண்டு பக்கமும் இருப்பதால் நான் அதை முதலில் சொல்ல மாட்டேன்.

பெங்களூரு பக்கம் நர்சிங் படிக்க ஏஜென்ட் வழியாகப் போனவர்களுக்குத் தனியாக ஒன்று. ஏஜென்ட்டிடம் கொடுத்த பணத்துக்குக் கல்லூரி ரசீது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ரசீது இல்லாத பணத்தைக் கல்லூரியிடம் கேட்க முடியாது. வங்கி வழியாக ஏஜென்ட்டுக்கு அனுப்பியதற்கு ஆதாரம் இருந்தால் அவரிடம் தனியாகக் கேட்க வேண்டும், மறுத்தால் காவல் நிலையத்தில் மனு. விலகல் கடிதத்தை ஏஜென்ட் கையில் கொடுக்கவே வேண்டாம். நேரே கல்லூரிக்கும் அதன் பல்கலைக்கழகத்துக்கும் அனுப்புங்கள்.

அடுத்து

பிளஸ் டூ பாஸானவர்கள், தகுந்த பாடம் படித்திருந்தால், பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். கோணத்தில் அரசு பாலிடெக்னிக், அரசு ஐ.டி.ஐ. இரண்டுமே இருக்கின்றன. பி.இ. மூன்றாம் செமஸ்டரில் திணறி நின்ற பையன் ஐ.டி.ஐ. ஃபிட்டர் முடித்து நன்றாக இருப்பதை இந்த மாவட்டத்தில் தேட வேண்டியதில்லை. வேலைக்குப் போய்க்கொண்டே டிகிரி வேண்டும் என்பவர்களுக்குத் தொலைநிலைக் கல்வி இருக்கிறது. எதில் சேர்ந்தாலும் டி.சி. கேட்பார்கள், அதனால்தான் மேலே அவ்வளவு எழுதினேன்.

கடன் முடிந்த அன்று வங்கியில் 'பாக்கி இல்லை' என்று முத்திரையோடு கடிதம் வாங்குங்கள். நிலப் பத்திரம் ஈடாகக் கொடுத்திருந்தால் 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். தாமதம் வங்கியால் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்று 2023 டிசம்பர் முதல் விதி இருக்கிறது. இரண்டு மாதம் கழித்து மாணவர், அப்பா இருவரின் சிபில் அறிக்கையையும் எடுத்துப் பாருங்கள். வருடத்துக்கு ஒருமுறை இலவசம். அதில் கடன் இன்னும் திறந்திருப்பதாகக் காட்டினால், அந்த முத்திரைக் கடிதத்தை ஸ்கேன் செய்து சிபில் தளத்திலேயே திருத்தம் கேளுங்கள்.